ரசம் வாசனையும் ரைல்ஸ் டியூபும்

வணக்கம் சார்,

சாப்பாட்டைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள், அதனால் உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது. என் அப்பாவுக்கு 71 வயது. இரண்டு வாரம் முன்பு தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. இன்னும் ஒரு மாதம் வாய் வழியாக எதுவும் கூடாது, சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டிருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை 200 மில்லி, கஞ்சியோ பாலோ சத்துமாவுத் தண்ணீரோ, சிரிஞ்சில் ஊற்றுகிறோம். எடை குறையவில்லை, ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது. ஆனால் ஊற்றி முடித்துப் பத்து நிமிடம் ஆவதற்குள் சிலேட்டை எடுத்து 'சாப்பாடு எப்போ?' என்று எழுதிக் காட்டுகிறார். இப்பதானே அப்பா கொடுத்தோம் என்றால் கோபம் வருகிறது. 'வயசாச்சு, புத்தி தடுமாறுது' என்கிறார் அம்மா. அப்படித்தானா?

இன்னொன்று. அவர் ஏங்கிப் போவாரே என்று அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் தாளிக்கிறோம். திருடர்கள் மாதிரி ஒளிந்து சாப்பிடுகிறோம். இது சரியா? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள வாசகிக்கு,

அப்பாவின் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கஞ்சி வயிற்றுக்குப் போயிருக்கிறது, ஆனால் அவர் சாப்பிடவில்லை. நமக்கு இரண்டும் எப்போதும் சேர்ந்தே நடந்துவிடுவதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவருக்கு இப்போது அது தனித்தனியாகப் பிரிந்துவிட்டது, அதைத்தான் சிலேட்டில் எழுதுகிறார்.

நான் டாக்டர் இல்லை. என் வயிறு கொடுத்த தொல்லையில் இதைப் பற்றி நிறையப் படித்தவன், அவ்வளவுதான். சிகிச்சை சம்பந்தமான எதையும் உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

வயிறு ஒரு பை, உள்ளே சோறு விழுந்ததும் வேலையைத் தொடங்கும் என்றுதான் பள்ளிக்கூடப் படம் நம் மனதில் பதிந்திருக்கிறது. சோறு விழுவதற்கு முன்பே அங்கே வேலை தொடங்கியாகிவிடுகிறது. கடுகு வெடிக்கிற சத்தம், பெருங்காய வாசனை, தட்டு வைக்கிற ஒலி, முதல் கவளம் நாக்கில் படுவது, மெல்லுவது, எல்லாம் மூளைக்குப் போய், அதன் அடித்தண்டில் முகுளம் என்கிற பகுதியிலிருந்து வேகஸ் என்ற நரம்பு வழியாகக் கீழே உத்தரவாக இறங்குகிறது. லத்தீனில் வேகஸ் என்றால் அலைகிறவன். பெயருக்கு ஏற்றபடி கழுத்தில் இறங்கி, இதயத்தையும் நுரையீரலையும் விசாரித்துவிட்டு, உணவுக்குழாயை ஒட்டியே வயிறுவரை போகிற நரம்பு. அதன் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சுரக்கிறது, வயிற்றுச் சுவரின் செல்கள் அமிலத்தை விடத் தொடங்குகின்றன, பக்கத்தில் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனும் ஹிஸ்டமின் என்ற இன்னொரு ரசாயனமும் சேர்ந்து அதை இன்னும் முடுக்கிவிடுகின்றன. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சுரக்கிற அமிலத்தில் ஏறக்குறைய 30 சதவீதம், தலையிலிருந்து வருகிற இந்த உத்தரவால் சுரப்பது என்று மருத்துவப் பாடநூல்கள் சொல்கின்றன.

அமிலம் மட்டுமில்லை. காலி வயிறு சுருங்கிக் கிடக்கும்போது உள்ளே 50 மில்லி அளவுக்குத்தான் இடம். நாம் மென்று விழுங்கும்போது அதே வேகஸ் நரம்பு வயிற்றின் மேல்பகுதியைத் தளர்த்திவிடுகிறது. அதனால்தான் ஒரு லிட்டர்வரை உள்ளே போனாலும் அழுத்தம் பெரிதாக ஏறுவதில்லை, விருந்தாளிக்கு முன்கூட்டியே பாய் விரித்து வைக்கிற மாதிரி.

தலையிலிருந்து வயிற்றுக்கு இப்படி உத்தரவு போவதை முதலில் ஒழுங்காகக் காட்டியவர் ரஷ்யாவின் பாவ்லோவ். மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்பதோடு அவரை நாம் நிறுத்திக்கொள்கிறோம், ஆனால் 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமானத்தைப் பற்றிய ஆய்வுக்காக. நாயின் உணவுக்குழாயை அறுத்துக் கழுத்தில் வெளியே திறந்து வைத்துவிடுவார்கள். நாய் இறைச்சியை மென்று விழுங்கும், விழுங்கியது கழுத்து வழியாகத் திரும்பவும் தட்டிலேயே விழும், நாய் அதையே மறுபடி தின்னும். வயிற்றுக்கு ஒரு துணுக்குகூடப் போகாது. ஆனாலும் ஐந்து நிமிடத்தில் வயிற்றில் பொருத்திய குழாயிலிருந்து இரைப்பை நீர் சொட்டத் தொடங்கும். வேகஸ் நரம்பை வெட்டிவிட்டால் நாய் எவ்வளவு ஆசையாகத் தின்றாலும் சொட்டாது. (கொடுமையான சோதனை, இன்றைக்கு யாருக்கும் இப்படிச் செய்ய எளிதில் அனுமதி கிடைக்காது.) அவரே இன்னொன்றும் செய்தார். நாய்க்குத் தெரியாமல் இறைச்சியை வயிற்று ஓட்டை வழியாக நேரே உள்ளே போட்டுப் பார்த்தார். அது சரியாகச் செரிக்காமல் வெகுநேரம் கிடந்தது.

அந்த ஐந்து நிமிடத்தைப் படித்தபோது எனக்குக் கல்யாணப் பந்திதான் ஞாபகம் வந்தது. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பு, ஊறுகாய், இனிப்பு, பச்சடி, கூட்டு, பொரியல் என்று வரிசையாக வந்து, சோற்று வாளி நம்மிடம் வருவதற்குள் ஐந்து நிமிடம் ஆகிவிடும். நம் முன்னோர்கள் அன்றே அறிந்து வைத்திருந்தார்கள் என்று ஆரம்பிக்கப் போகிறேன் என்று பயப்படாதீர்கள். பரிமாறுகிற ஆட்கள் குறைவு, அதனால் அப்படி ஆகிறது. ஆனால் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்த நேரத்தை வயிறு வீணாக்குவதில்லை.

சரி, உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். அவரை மாதிரியே ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். மருத்துவப் புத்தகங்களில் அவர் பெயர் டாம். 1895இல், ஒன்பது வயதில், கொதிக்கிற சூப்பை அப்படியே விழுங்கியதில் உணவுக்குழாய் வெந்து ஒட்டி அடைத்துக்கொண்டது. வயிற்றில் ஓட்டை போட்டார்கள், வாழ்நாள் முழுக்க அது வழியாகத்தான் சாப்பாடு. 1940களில் நியூயார்க்கில் இரண்டு மருத்துவர்கள் அவருடைய வயிற்றின் உள்சுவரை நாள்கணக்கில் பார்த்துக் குறித்துக்கொண்டே இருந்தார்கள். அவருக்குக் கோபம் வந்தால் உள்சுவர் சிவந்து அமிலம் கூடும், பயந்தால் வெளுத்துப்போகும். உங்கள் கேள்விக்கான பதிலும் அவரிடம் இருக்கிறது. டாம் சாப்பாட்டை நேராக ஓட்டையில் போட்டுக்கொள்வதில்லை. முதலில் வாயில் போட்டு ருசித்து, மென்று, பிறகு புனலில் துப்பி வயிற்றுக்குள் விடுவார். அப்படி மெல்லாமல் நேரே உள்ளே விட்டால் அவருக்குச் சாப்பிட்ட திருப்தியே வருவதில்லை. வயிறு ரொம்பினாலும்கூட.

இதனால் அப்பாவுக்குக் கொடுப்பது வீணாகிறது என்று கவலைப்பட வேண்டாம். வயிறு விரிவதும் உள்ளே போன புரதமும் தாங்களாகவே மிச்ச அமிலத்தைச் சுரக்க வைக்கும், குடலும் தன் பங்கைச் செய்யும். எடை குறையாமல் இருப்பதே அதற்குச் சாட்சி. குறைவது சாப்பிட்ட உணர்வு மட்டும்தான். ஒரு மாதம் அது இல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத் தெரியாது, நாம் ஒரு ஏகாதசிக்கே புலம்புகிறவர்கள்.

டாம் கதையைப் படித்துவிட்டு அப்பா வாயில் எதையாவது வைத்துத் துப்பச் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு அது இப்போது ஆபத்து, மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட சிலருக்கு, குடல் சீக்கிரம் அசையட்டும் என்று சூயிங்கம் மெல்லச் சொல்வார்கள். அதுவும் இவருக்கு இல்லை.

கதவைப் பற்றி. சாத்துவதும் திறப்பதும் உங்கள் கையில் இல்லை என்பது என் எண்ணம். நீங்களும் அம்மாவும் அவருக்காக முடிவெடுத்துவிட்டீர்கள், அவரைக் கேட்கவில்லை. வாசனை சிலருக்கு ஆறுதல், சிலருக்குச் சித்திரவதை. வாசனை வந்தால் எச்சில் ஊறும், ஊறுகிற எச்சிலை அவர் விழுங்கலாமா, துப்ப வேண்டுமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஒருநாள் கஞ்சி ஊற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால், ரசத்துக்குத் தாளிக்கிற நேரமாகப் பார்த்து, சிலேட்டை இந்தத் தடவை நீங்கள் வாங்கி எழுதிக் காட்டுங்கள்: 'கதவைத் திறக்கட்டுமா?' காது கேட்கிறவரிடம் ஏன் எழுதிக் காட்ட வேண்டும் என்று தோன்றலாம். இரண்டு வாரமாக அவர் ஒருவர் மட்டுமே எழுதிக்கொண்டிருக்கிறார். என்ன பதில் எழுதினார் என்று முடிந்தால் எனக்கு ஒரு வரி போடுங்கள்.