கேளுங்கள், சொல்கிறேன்: கல்யாணத்துக்கு எதற்கு இரண்டாவது பூட்டு?

கேள்வி: மினசோட்டாவில் இருக்கும் என் மகன், "2012ல் எங்கள் மாநிலத்தில் ஒரே பாலினத் திருமணத்துக்குத் தடை கொண்டுவரப் பார்த்தார்கள், ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தோம்" என்று பெருமையாகச் சொல்கிறான். அப்போது அங்கே அந்தத் திருமணமே சட்டப்படி கிடையாதாமே? இல்லாத ஒன்றுக்கு எதற்குத் தடை?
- வாசகி, ஈசூன்

பதில்: மகன் சொல்வதும் சரி, நீங்கள் கேட்பதும் சரி அம்மா. அந்த ஆண்டு அக்டோபரில் நான் செயின்ட் பாலில் என் தங்கை வீட்டில் இருந்தேன். தெருவில் பல வீட்டுப் புல்தரைகளில் 'வோட் நோ' என்று ஆரஞ்சு நிறப் பலகை. தங்கை வீட்டில் மட்டும் இல்லை. மாப்பிள்ளை வம்புக்குப் போகாத ஆள். "எனக்கு எதுக்கு மச்சான் இதெல்லாம்? அதிபருக்கு ஓட்டுப் போட்டுட்டு இந்தக் கேள்வியைத் தொடாம வந்துடுவேன்" என்றார். தட்டில் இருந்த தோசையைப் பிய்த்துக்கொண்டே தங்கை மகள் சிரித்தாள். "தொடாம விட்டா அதுவும் 'நோ'தான்பா."

உண்மைதான். அந்த மாநிலத்தில் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த, அன்று ஓட்டுப் போட வந்த எல்லாரிலும் பாதிக்கு மேல் 'ஆம்' என்றாக வேண்டும். வெறுமனே விட்டது எதிர் ஓட்டாகவே எண்ணப்படும். மாப்பிள்ளை முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

இனி உங்கள் கேள்வி. 1971லேயே மினசோட்டா உச்ச நீதிமன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது. 1997ல் தடைச் சட்டமும் வந்துவிட்டது. ஆக, கதவு ஏற்கெனவே பூட்டித்தான் இருந்தது. ஆனால் சாதாரணச் சட்டத்தை அடுத்த சட்டமன்றம் மாற்றலாம், நீதிமன்றம் செல்லாது என்று சொல்லலாம். பக்கத்து மாநிலமான ஐயோவாவில் 2009ல் நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அந்தப் பயத்தில்தான் அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிவிடப் பார்த்தார்கள். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் மனம் மாறினாலும் சாவி அவர்கள் கைக்கு எட்டாது. இது இரண்டாவது பூட்டு.

நவம்பர் 6ம் தேதி அது தோற்றது. 'ஆம்' பாதியைத் தொடவில்லை. அதற்கு ஆறு மாதம் முன்புதான் வட கரோலினா இதே மாதிரித் தடையை 61 விழுக்காட்டு ஆதரவோடு நிறைவேற்றியிருந்தது. மினசோட்டாவில் கதவு முதல் பூட்டோடு நின்றதால், மறு மே மாதமே சட்டமன்றம் அதைத் திறந்தது. 2013 ஆகஸ்ட் 1 முதல் அங்கே கல்யாணங்கள் நடந்தன.

கேள்வி: நம் சிங்கப்பூரிலும் 2022ல் அரசமைப்புச் சட்டத்தில் திருமணம் பற்றி ஏதோ சேர்த்தார்களே. அதுவும் இதுவும் ஒன்றுதானே?
- வாசகர், தோ பாயோ

பதில்: பலரும் அப்படி நினைக்கிறார்கள், ஒன்றில்லை. ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்க நாடாளுமன்றம் ஒப்புதல் தந்த அதே நவம்பர் 29ல், அரசமைப்புச் சட்டத்தின் 156ம் பிரிவும் நிறைவேறியது. திருமணம் என்றால் ஆணும் பெண்ணும் என்று அதில் எழுதவில்லை. அந்த விளக்கம் இன்றும் மாதர் சாசனம் என்ற சாதாரணச் சட்டத்தில்தான் இருக்கிறது. 156 சொல்வது, விளக்கம் சொல்லும் வேலை நாடாளுமன்றத்துடையது, அடிப்படை உரிமையைக் காட்டி நீதிமன்றத்தில் அதைத் தகர்க்க முடியாது என்பதே. நாடாளுமன்றம் மனம் மாறினால் சாதாரணப் பெரும்பான்மை போதும்.

நீதிமன்றக் கதவை அடைத்தது எனக்கு உவப்பில்லை. உரிமை கேட்கிறவன் எண்ணிக்கையில் சிறியவன் என்றால் அவன் போகக்கூடிய இடமே அதுதான். ஆனாலும் சாவியைக் கடலில் வீசவில்லை, ஒருவர் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: நீங்கள் பதினான்கு வருடம் பதிவுத் திருமணம் நடத்திவைத்தவர். நீங்களே இப்படிப் பேசலாமா? ஆயிரங்காலத்துப் பயிரை இஷ்டத்துக்கு மாற்ற முடியுமா?
- பெயர் வேண்டாம், ஜூரோங் வெஸ்ட்

பதில்: என் தாத்தாவுக்கு இரண்டு மனைவி. ஊர் அப்பாயி தஞ்சாவூர்ப் பக்கம், இங்கத்து அப்பாயி செம்பவாங்கில். யாரும் குற்றம் சொன்னதில்லை, அதுதான் அன்றைய வழக்கம். இங்கத்து அப்பாயி மட்டும் ஊரிலிருந்து கடிதம் வந்தால் அன்று சமைக்க மாட்டார். தாத்தாவே கருவாடு சுட்டுச் சாப்பிடுவார். 1961 செப்டம்பர் 15ல் மாதர் சாசனம் நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருவனுக்கு ஒருத்தி என்றானது. பயிரைச் சாதாரணச் சட்டம்தான் மாற்றியது. அதற்கு முன் யாராவது 'ஆண் எத்தனை கல்யாணமும் செய்யலாம், இதை மாற்றவே முடியாது' என்று அரசமைப்புச் சட்டத்தில் எழுதி வைத்திருந்தால்? உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. தமிழ் முரசு நாளிதழைத் தந்த கோ. சாரங்கபாணி 1937ல் பெரானாக்கன் சீனப் பெண்ணான லிம் பூன் நியோவை மணந்தார். அதே காலத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் கறுப்பரும் வெள்ளையரும் மணப்பது குற்றம். அலபாமாவில் அதை அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். 1967ல் நாட்டின் உச்ச நீதிமன்றம் செல்லாது என்ற பிறகும், அந்த வரியை அலபாமா மக்கள் ஓட்டுப் போட்டு அழித்தது 2000ல்! ஒரே பாலினத் திருமணத் தடைகளும் 2015ல் செல்லாமல் போயின. எழுத்து மட்டும் பல மாநிலங்களில் அப்படியே கிடக்கிறது. கலிஃபோர்னியா, கொலராடோ இரண்டும் 2024ல்தான் துடைத்தன. எழுத ஒரு தேர்தல் போதும், துடைக்கத்தான் தலைமுறை ஆகிறது.

கேள்வி: என் அக்கா மகள் கலிஃபோர்னியாவில் தன் தோழியை மணக்கிறாள். போகப் போகிறேன். மொய் உறையில் யார் பெயரை முதலில் எழுதுவது?
- சித்தி, உட்லண்ட்ஸ்

பதில்: உங்கள் பிள்ளை பெயரைத்தான். அடுத்து அந்தப் பெண் பெயர், எழுத்துப்பிழை இல்லாமல். நூற்றொன்றாக வையுங்கள், அந்த ஒற்றை டாலரை மறக்காதீர்கள்.