மந்திரவாதி போட்ட பூட்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில், தொட்ட கதவையோ பெட்டியையோ பூட்டிவிடும் ‘ஆர்க்கேன் லாக்’ மந்திரத்தைப் பற்றி இம்முறை நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பதில்கள் 2014 விதிநூலின்படி. 2024 பதிப்பு மாறுபடும் இடங்களில் மட்டும் அதைச் சொல்கிறேன்.

எங்கள் மந்திரவாதி இறந்துவிட்டார். அவர் பூட்டிய பெட்டி இனித் தானாகத் திறந்துகொள்ளுமா?

திறக்காது. கலைக்கப்படும்வரை நீடிக்கும் மந்திரம் இது. போட்டவர் உயிரோடு இருக்க வேண்டியதில்லை. பாழடைந்த கல்லறைகளில் இந்தப் பூட்டு அடிக்கடி தட்டுப்படுவதும் அதனால்தான். பூட்டும்போதே உங்களையும் அனுமதித்திருந்தால் சாதாரணமாகத் திறக்கலாம். பிறகு ஆள் சேர்க்க வழியில்லை. 25 பொற்காசு பெறும் தங்கத்தூளை மறுபடி செலவழித்துப் புதிதாகத்தான் போட வேண்டும். கடவுச்சொல் வைத்திருந்தால், 5 அடிக்குள் நின்று சொன்னால் ஒரு நிமிடம் பூட்டு அடங்கும். ஒட்டுக்கேட்டவன் சொன்னாலும் அடங்கும்.

திறந்திருக்கும் கதவுக்குப் போடலாமா?

கூடாது. சாத்திவிட்டுத் தொடுங்கள்.

என் திருடன் கள்ளச்சாவி வேலையில் கெட்டிக்காரன். அவனால் முடியாதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பூட்டின் கடினம் (திறக்க எட்ட வேண்டிய எண்) 15, திருடனின் கூட்டல் (திறமைக்காகப் பகடையோடு சேர்ப்பது) 7 என்றால், இருபது முகப் பகடையில் 8 விழுந்தாலே போதும். மந்திரம் கடினத்தை 10 ஏற்றி 25 ஆக்குகிறது. இப்போது 18 விழ வேண்டும். இருபதில் மூன்று வாய்ப்பு. பூட்டே இல்லாத கதவானால் அதுவும் இல்லை. 2024 விதியோ மந்திரமல்லாத எந்த வழியிலும் பூட்டைத் திறக்க முடியாது என்கிறது. விவாதம் ஒழிந்தது, திருடன் பாடுதான் பாவம்.

பூட்டைத் திறக்கும் ‘நாக்’ மந்திரம் போட்டால் 300 அடி வரை சத்தம் கேட்கிறது. காவலர்கள் ஓடி வருகிறார்கள். என்ன செய்ய?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அந்தத் தட்டல் சத்தம் உங்கள் வாயிலிருந்து வருவதில்லை, கதவிலிருந்து வருகிறது. ஆகவே முதலில் உங்கள் கூட்டாளி கதவை நடுவாக வைத்து ‘சைலன்ஸ்’ போடட்டும். அதன் ஆரம் 20 அடி. உள்ளே எந்தச் சத்தமும் பிறக்காது. நீங்கள் அந்த வட்டத்துக்கு வெளியே நில்லுங்கள். ‘நாக்’ மந்திரத்தை வாயால் உச்சரித்தாக வேண்டும் என்பதால் உள்ளே நின்றால் பலிக்காது. அது 60 அடி எட்டும். முப்பது அடி தள்ளி நின்று மெல்லச் சொல்லுங்கள். ஆர்க்கேன் லாக் 10 நிமிடம் அடங்கிக் கிடக்கும். அது அழிந்துவிடவில்லை என்பது நினைவிருக்கட்டும்: நேரம் கடந்தபின் கதவை இழுத்துச் சாத்தினால் உள்ளேயே மாட்டிக்கொள்வீர்கள்.

‘டிஸ்பெல் மேஜிக்’ போட்டு எதிரி நொடியில் கலைத்துவிடுகிறானே?

ஆர்க்கேன் லாக் இரண்டாம் நிலை மந்திரம்தானே, பகடைச் சோதனையே இல்லாமல் கலைந்துவிடும். மந்திரம் போட உங்களுக்கு நிலைவாரியாக இருக்கும் இடங்களில் நான்காம் நிலை இடத்தைச் செலவழித்துப் போட்டுப் பாருங்கள். மூன்றாம் நிலையில் கலைக்க வருபவன் அப்போது பகடையும் கூட்டலுமாக 14 எட்ட வேண்டும்.

பழைய ஆட்டக்காரர்கள் ‘விஸர்ட் லாக்’ என்கிறார்களே, அது வேறா?

அதேதான். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் பெயர் மாறியது. ‘அட்வான்ஸ்ட்’ என்ற பெயரோடு வந்த முதல் பதிப்பில், போட்டவரைவிட நான்கு நிலை உயர்ந்த மந்திரவாதி அதைத் திறந்துவிடலாம். அந்தத் தலைக்கனம் எனக்குப் பிடிக்கும்.

கோடரியால் பிளந்தால்?

தாராளமாக. தள்ளி உடைக்கும் கடினம்தான் 10 ஏறுகிறது. கதவுப் பலகையின் உயிர்ப்புள்ளி (எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு) ஏறுவதில்லை. பக்கத்துச் சுவருக்கோ இந்த மந்திரத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஒருமுறை கடவுச்சொல்லுக்காக இரவெல்லாம் உட்கார்ந்து ஒரு விடுகதை கட்டினேன். வந்தவர்கள் கதவை ஏறிட்டும் பார்க்காமல், அதை ஒட்டிய மண்சுவரைக் கடப்பாரையால் இடித்து உள்ளே போய்விட்டார்கள். விடுகதை என் நோட்டில் அப்படியே இருக்கிறது, வேண்டுமானால் கேளுங்கள், தருகிறேன்.