ஆய்வு முடிவைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவது: கேள்வி பதில்

பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆய்வை மலையகத்துச் சனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது பற்றி மட்டும் இன்றைக்குப் பேசுவோம். வெட்டுப்புள்ளி, விடுதி, புலமைப்பரிசில் கேள்விகளை இங்கே போடாதீர்கள்.

பேராதனை, மண் ஆராய்ச்சி மாணவி: அக்கா, தோட்டங்களில் மண் அரிப்பு அளந்தேன். முடிவு கையில் இருக்கிறது. லயத்து (தோட்டத்து வரிசைவீட்டு) ஆட்களுக்கு எப்படிச் சொல்வது? எங்கே, எந்த நேரம்?

மாதிரி எடுத்த இடத்துக்கே முதலில் போகிறீர்கள், நல்லது தங்கச்சி. அனுமதியை இரண்டு பக்கமும் கேளுங்கள். துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) மட்டும் கேட்டால் இது நிர்வாகத்தின் வேலை என்று சனம் ஒதுங்கிவிடும். தொழிற்சங்கத் தோட்டத் தலைவரிடம் மட்டும் கேட்டால் கேட்டிலேயே மறித்துவிடுவார்கள். மாதர் தலைவியிடம் தனியாகப் பேசுங்கள். கொழுந்து எடுக்கிற பெண்கள் வருவதும் வராததும் அவர் சொல்வதில்தான் இருக்கிறது. வேலை நாள் வேண்டாம். கொழுந்தை எடை போட்டு முடித்து வருகிறவர்களுக்குச் சமையலும் தண்ணீரும் பிள்ளைகளும் காத்திருக்கும். சம்பள நாளிலும் அட்வான்ஸ் நாளிலும் எல்லோரும் டவுனில் இருப்பார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோவில் முன்னாலோ பிள்ளை மடுவத்திலோ (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) வையுங்கள். பத்து நிமிடம் நீங்கள் பேசுங்கள், அரை மணி நேரம் அவர்கள் பேசட்டும்.

ஸ்லைட் வேண்டாம், செய்து காட்டுங்கள். ஐந்து லீட்டர் தண்ணீர்ப் போத்தல் இரண்டை நீளவாக்கில், வாய்ப்பகுதியை விட்டு வெட்டுங்கள். இரண்டிலும் ஒரே மலையில் எடுத்த மண்ணை, வாயின் கீழ் விளிம்பு மட்டத்துக்கு, ஒரே அளவு அமுக்கி நிரப்புங்கள். ஒன்றை வெறும் மண்ணாக விடுங்கள். மற்றதில் மானாப்புல்லை வெட்டி இரண்டு விரல் தடிப்புக்கு மூடுங்கள். பின்பக்கம் ஆளுக்கொரு செங்கல் வைத்துச் சரித்து, வாய்க்குக் கீழே கண்ணாடிக் கிளாஸ் வையுங்கள். மூடியில் ஊசியால் துளை போட்ட போத்தலில் ஒரு லீட்டர் தண்ணீரை ஒரே உயரத்தில் இருந்து, மெதுவாக, இரண்டுக்கும் ஊற்றுங்கள். ஒரு கிளாஸில் குழம்பு மாதிரி வரும், மற்றதில் கலங்கல் குறைவாக வரும்.

பிழைப்பது எங்கே என்றால், முதல் நாள் மழையில் ஊறிய மண்ணைக் கொண்டுவந்தால் இரண்டு கிளாஸுக்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரியாமல் போகலாம். மண்ணை வாய் மட்டத்துக்குக் கீழே நிரப்பினால் தண்ணீர் உள்ளேயே தேங்கி நிற்கும். மூடியில்லாமல் மடமடவென்று ஊற்றினால் புல்லையே அடித்துக்கொண்டு போகும். வீட்டில் இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டுப் போங்கள். அங்கே ஊற்றும் வேலையை ஒரு தோட்டத்து அம்மாவிடம் கொடுங்கள், நீங்கள் ஊற்றாதீர்கள்.

கண்டி, இரண்டாம் வருடம்: போஸ்டர் செய்ய எந்த சாஃப்ட்வேர் நல்லது?

எது தெரியுமோ அது. இரண்டு மீட்டர் தள்ளி நின்று வாசிக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஹல்துமுல்லை பக்கம், விஞ்ஞான ஆசிரியை: மண்சரிவு ஆராய்ச்சி பற்றி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் வீட்டுக்கும் போகும் என்று நினைக்கிறேன். என்ன செய்விக்கலாம்?

மழை அளக்க விடுங்கள் டீச்சர். 2014 ஒக்டோபர் 29 கொஸ்லாந்தை மீரியபெத்தயில் நடந்த மண்சரிவை உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் கேட்டிருப்பார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே எச்சரிக்கை இருந்தது. ஆய்வு அறிக்கையாக இருந்தது, லயத்தில் இருந்தவர்கள் கையில் பிடித்துப் பார்க்கிற அளவாக இருக்கவில்லை.

ஒன்றரை லீட்டர் சோடாப் போத்தல், இடுப்பு நெளிவு இல்லாதது. கழுத்துச் சரிவு தொடங்கும் இடத்தில் வெட்டி, மேல்துண்டைத் தலைகீழாகப் புனல் போல உள்ளே வையுங்கள். புனலின் வாயும் போத்தலின் உடம்பும் ஒரே அகலமாக இருந்தால்தான் அடிமட்டத்தால் அளக்கிற மில்லிமீட்டர் உண்மையான மழை. அடி மேடுபள்ளமாக இருக்கும், அதனால் சிறு கல் போட்டு, நேரான பகுதி வரை தண்ணீர் விட்டு, அங்கே பூச்சியம் குறியுங்கள். கூரை, மரம் எதற்கும் அருகில் வேண்டாம். சுவரின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி, கம்பில் கட்டுங்கள். தினமும் காலை 8.30க்கு வாசித்து, கொட்டி, மறுபடி பூச்சியம் வரை நிரப்ப வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களமும் அந்த நேரத்துக்குத்தான் நாள் கணக்கை முடிக்கிறது, ஒப்பிட வசதி. வெயில் நாளில் பூச்சியத் தண்ணீர் வற்றும், அதைக் கவனிக்காவிட்டால் அடுத்த நாள் மழை குறைவாகக் காட்டும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகளைப் போத்தலிலேயே நிறத்தில் ஒட்டுங்கள். 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் மஞ்சள், விழிப்பு. 100 தாண்டினால் செம்மஞ்சள், ஆயத்தம். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 தாண்டினால் சிவப்பு, வெளியேற வேண்டும்.

ஆனால் இதை அழுத்திச் சொல்லிக்கொடுங்கள்: சிவப்பு வரும்வரை காத்திருக்கக் கூடாது. நிலத்தில் புது வெடிப்பு, மரமோ கம்பமோ சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்று, பீலித் தண்ணீர் (மலை ஊற்றில் இருந்து குழாயில் வரும் தண்ணீர்) திடீரென்று சேறாதல், இதில் ஒன்றைக் கண்டாலும் போத்தலைப் பார்க்காமல் கிளம்ப வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. கொட்டுகிற மழையில் அளவு பார்க்கப் பிள்ளையை வெளியே அனுப்பவும் கூடாது.

ஹட்டன்: பிரசன்டேஷனுக்கு எத்தனை ஸ்லைட் போடலாம்?

தோட்டத்தில் என்றால் ஒன்றும் வேண்டாம். மேலே எழுதியிருக்கிறேன்.

நுவரெலியா, முதுமாணி மாணவன்: தோட்டத்துப் பீலித் தண்ணீரைப் பரிசோதித்தேன். சிலதில் ஈகோலை (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி) இருக்கிறது. ஜேர்னலில் வரும்வரை வாய் திறக்கக் கூடாது என்று மேற்பார்வையாளர் சொல்கிறார். என்ன செய்ய?

இன்றைக்கே சொல்லுங்கள் தம்பி. குடிநீரில் 100 மில்லிலீட்டருக்கு ஈகோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. சந்தேகம் இருந்தால் அதே பீலியில் மறுபடி மாதிரி எடுங்கள், அதற்காகச் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். பிஎச்ஐக்கும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சுகாதார வைத்திய அதிகாரிக்கும் எழுத்தில் கொடுங்கள். குடிக்கிறவர்களிடம் நேரில் போய், எந்தப் பீலி, எந்தத் தேதி, என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் சொல்லுங்கள். கொதித்துக் கொப்பளித்த பிறகு ஒரு நிமிடம் போதும், 2000 மீட்டருக்கு மேலே என்றால் மூன்று நிமிடம். நுவரெலியா டவுனே 1868 மீட்டர், அதற்கு மேலும் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே எல்லோருக்கும் மூன்று என்றே சொல்லிவிடுங்கள்.

ஒரு விரிவுரையாளர்: இது பொறுப்பில்லாத ஆலோசனை. முன்கூட்டியே வெளியிட்டால் ஜேர்னல் கட்டுரையை நிராகரிக்கும். மாணவனின் பட்டமே போகும்.

சேர், அந்தப் பயம் 1969இல் நியூ இங்கிலாந்து மருத்துவ ஜேர்னலின் ஆசிரியர் போட்ட விதியில் இருந்து வருகிறது. வேறெங்கும் வெளிவந்த முடிவை எடுக்க மாட்டோம் என்பது அதன் சாரம். இன்றைக்கு மருத்துவ ஜேர்னல் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவே, பொதுச் சுகாதாரத்துக்கு உடனடியாகத் தேவையான தகவலைச் சொன்னதற்காகக் கட்டுரையை ஒதுக்கக் கூடாது என்கிறது. தவிர, ஒரு லயத்து ஆட்களிடம் அவர்களுடைய தண்ணீர் பற்றிச் சொல்வது பிரசுரம் ஆகாது. முழு அட்டவணையையும் பத்திரிகைக்குக் கொடுப்பது வேறு விஷயம், அதை நானும் செய்யச் சொல்லவில்லை.

அதே விரிவுரையாளர்: சகமதிப்பீடு முடியாத முடிவு பிழையாகவும் இருக்கலாம். பீதி கிளம்பினால் யார் பதில் சொல்வது? அடுத்த தடவை எந்தத் தோட்டமும் உள்ளே விடாது.

பிழையாக இருக்கலாம் என்பது சரி. அதனால்தான் மறுமாதிரி. ஆனால் பிழையின் விலையை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். நல்ல தண்ணீரைக் கெட்டது என்று சொன்னால் சில வாரம் வீணாக விறகு எரியும். கெட்டதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். நிர்வாகம் கோபிக்கும் என்பதும் உண்மை. மாதிரி எடுக்க அனுமதி கேட்கும் கடிதத்திலேயே "முடிவை முதலில் தோட்டத்து மக்களுக்கும் நிர்வாகத்துக்கும் ஒரே நாளில் சொல்வோம்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பிறகு தகராறு குறையும். மருத்துவ ஆய்வென்றால் உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சின்கி பிரகடனமும் சொல்கிறது: பங்குபற்றியவர்களுக்கு ஆய்வின் பொதுவான முடிவை அறியும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும்.

வெலிமடை, விவசாய டிப்ளோமா: நானும் சேர் பக்கம்தான். ஆனால் ஒரு கேள்வி. எங்கள் பக்கம் மரக்கறித் தோட்டக் கிணற்றில் நைத்திரேற்று கூட வந்தால் அதற்கும் கொதிக்க வைக்கச் சொல்லலாமா?

கூடவே கூடாது! இந்தக் கேள்வி மேலே உள்ள வாதத்தை விட முக்கியம். கொதித்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் ஆவியாக ஆக அதன் செறிவு கூடும். எல்லை லீட்டருக்கு 50 மி.கி. அதைத் தாண்டிய தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கவே கூடாது, வேறு தண்ணீர்தான் வழி. "தண்ணீர் கெட்டது, கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்று மொட்டையாக அறிவித்தால் இங்கே அது ஆபத்து. என்ன இருக்கிறது என்று தெரிந்து, அதற்கு உரியதைச் சொல்லுங்கள்.

அதே விரிவுரையாளர்: காப்புரிமை எடுக்கும் ஆய்வுக்கும் இதே வாதமா?

இல்லை சேர், அங்கே உங்கள் பக்கம் நியாயம். முதலில் விண்ணப்பம், பிறகு பேச்சு. ஐரோப்பாவில் ஒரு பொதுக்கூட்டப் பேச்சே புதுமையைக் கெடுத்துவிடும். பீலித் தண்ணீருக்கு யாரும் காப்புரிமை எடுக்கப்போவதில்லை, அதனால் தம்பி, நீங்கள் சொல்லுங்கள்.

மாத்தளை: எங்கள் குழுவின் ஆய்வைப் பத்திரிகைக்காரர் "தேத்தண்ணீர் குடித்தால் இரத்தசோகை" என்று தலைப்புப் போட்டுவிட்டார். எப்படித் திருத்துவது?

அன்றைக்கே, எழுத்தில், இரண்டே வரி: வந்த வசனம் இது, சரியான வசனம் இது. விளக்கக் கட்டுரை அனுப்பினால் போட மாட்டார்கள். சரியான வசனம்: தேத்தண்ணீரில் உள்ள பொலிபீனோல், கீரை பருப்பில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும், ஆகவே சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் விட்டுக் குடியுங்கள், சாப்பாட்டில் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள். தேயிலையிலேயே வாழ்கிற சனத்திடம் "தேத்தண்ணீரை நிறுத்து" என்று சொன்னால் மீதிப் பேச்சைக் கேட்க மாட்டார்கள். சொல்லத் தேவையும் இல்லை.

அடுத்த தடவை நிருபரிடம் ஒரு பக்கக் குறிப்புக் கொடுங்கள், கடைசிப் பத்தி "இந்த ஆய்வு காட்டாதது" என்று இருக்கட்டும். எத்தனை பேரில் என்று சொல்லாமல் சதவீதம் கொடுக்காதீர்கள். ஆயிரத்தில் இரண்டு மூன்றானாலும் "50 சதவீதம் கூடியது" என்றுதான் தலைப்பு வரும்.

பதுளை: போஸ்டர் டெம்ப்ளேட் இருந்தால் அனுப்புங்களேன்.

பண்டாரவளை: எனக்கும் டெம்ப்ளேட்.

டெம்ப்ளேட் இல்லை. போஸ்டர் பற்றி இதோடு நிறுத்திக்கொள்வோம்.

தலவாக்கலை, வெல்ஃபெயார் ஒஃபிசர்: ஆராய்ச்சித் தகவலை வட்ஸ்அப்பில் போட்டால் யாரும் வாசிப்பதில்லை.

குரலாக அனுப்புங்கள், ஒன்றரை நிமிடத்துக்குள். முதல் வசனத்திலேயே செய்ய வேண்டியது வர வேண்டும், காரணம் பிறகு. தேதியையும் தோட்டத்தின் பெயரையும் குரலிலேயே சொல்லுங்கள். கைமாறிப் போகும்போது கூட எழுதிய வரி கழன்றுவிடும், போன வருடத்து மண்சரிவு எச்சரிக்கை இந்த வருடம் மறுபடி சுற்றுவது அப்படித்தான். மலைக்குள் சிக்னல் குறைவு, அதனால் வீடியோவை விடக் குரல் முந்திப் போகும். இங்கேயும் அதே: எத்தனை பேரில் என்று சொல்லாமல் சதவீதம் வேண்டாம்.

பேராதனை: எங்கள் விரிவுரையாளருக்குத் தமிழ் தெரியாது. தோட்டக் கிளார்க்கர் மொழிபெயர்க்கட்டுமா?

வேண்டாம். வேலைக்குப் பேர் பதிகிற கிளார்க்கரே பக்கத்தில் நின்றால் சம்பளத்தோடு தொடுகிற எதையும் சனம் கேட்காது. வெளியில் இருந்து ஒருவரைக் கூட்டிப்போங்கள், முதல் நாளே அவரோடு முழுப் பேச்சையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

கண்டி, இரண்டாம் வருடம்: ஆய்வில் 62 சதவீதம் பேர்…

எத்தனை பேரில்?

பேராதனை, மண் ஆராய்ச்சி மாணவி: அக்கா, இன்னொன்று. கேள்வி இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் சும்மா இருப்பார்களே?

பொதுவில் கேட்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள், பிறகு "இந்தப் பக்கம் என்ன பேசினீர்கள்" என்று கேளுங்கள். தன் கேள்வி என்று சொல்லக் கூச்சப்படுகிறவர், நாங்கள் பேசியது என்று சொல்வார். எழுதிக் கொடுக்கச் சொன்னால் எழுதத் தெரியாத மூத்த அம்மாமார் வாய் திறக்க மாட்டார்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால் கொப்பியில் எழுதி, எந்த நாளில் யார் மூலம் பதில் வரும் என்று அங்கேயே சொல்லிவிட்டு வாருங்கள். மாதர் தலைவியின் இலக்கத்தை வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம்.