பழைய சாமானில் பூனை மணம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வாடைக்காற்று மழை தொடங்கினால் திருகோணமலைப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். கச்சான் வீசும் ஆடி மாதத்தில் வாங்கியபோது ஒரு மணமும் இல்லாத சாமான், கார்த்திகையில் வீட்டையே நாறடிக்கிறது. காய்ந்து கிடந்த மூத்திர உப்பு ஈரத்தை இழுத்து மறுபடி மணக்கிறது; கடற்காற்றின் உப்பும் அதற்குத் துணை. விற்றவர் ஏமாற்றினார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அவருக்கும் மணந்திருக்காது.

அம்மாவுக்காகப் பழைய சிங்கர் தையல் மெஷின் வாங்கினேன். முந்தைய வீட்டுக் கடுவன் பூனை அதன்மேல்தான் படுக்குமாம். சவர்க்காரம், தேசிக்காய் எல்லாம் போட்டுத் தேய்த்துவிட்டேன். மழை பெய்தால் மணம் திரும்பிவிடுகிறது. (உப்புவெளி)

இரும்பைத் தேய்ப்பதை நிறுத்துங்கள், தங்கையே. இரும்பு மணத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. அதன்மேல் ஒட்டியிருப்பவைதான் மணக்கின்றன. மெஷின் தலையைப் பின்பக்கம் சாய்த்து அடிப்பகுதியைப் பாருங்கள். பல வருட எண்ணெயும் பஞ்சுத் தூசியும் சேர்ந்து பிசின்போல இறுகியிருக்கும். ஒரு தீக்குச்சியால் கொஞ்சம் சுரண்டி, வெந்நீர்த் துளி விட்டு முகர்ந்து பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

கடுவன் மூத்திரம் ஏன் இவ்வளவு பிடிவாதம்? அதில் பெலினின் என்ற கந்தகம் கலந்த பொருள் இருக்கிறது. காயடிக்காத கடுவனில் அது மிக அதிகம். புதிதாக இருக்கும்போது அதற்கு மணம் இல்லை. நாள் போகப் போகச் சிதைந்துதான் அந்த மூக்கைத் துளைக்கும் மணத்தைத் தருகிறது. யூரியாவை நுண்ணுயிர்கள் அமோனியாவாக மாற்றுவது தனிக்கதை. தேசிக்காய்ப் புளிப்பு அமோனியாவை அடக்கும். கந்தக மணத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் ஒருநாள் ஆறுதல் கிடைத்து மறுநாள் திரும்புகிறது.

பிசினைக் கரைக்க மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷும் போதும். வெளியில், அடுப்புக்கு எட்டத்தில் வைத்துச் செய்யுங்கள். ஸ்பிரிட் மட்டும் வேண்டவே வேண்டாம்: பழைய கறுப்பு மெஷின்களின் பொன்னிறப் பூவேலைக்கு மேல் அரக்கு வார்னிஷ்தான் பூசியிருக்கிறார்கள், ஸ்பிரிட் பட்டால் பூவும் போய்விடும். மண்ணெண்ணெயைத் துடைத்தெடுத்தபின் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டால் அது சிக்குப்பிடித்து, மெஷின் மறுபடி பழைய நிலைக்கே வந்துவிடும். கம்பளித் துண்டுகள் இருந்தால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வெட்டிப் போடுங்கள். கழுவிப் பார்ப்பது வீண்வேலை.

இனி மெஷின் தலை பொருத்தியிருக்கும் மரப் பலகை. உண்மையான குற்றவாளி பெரும்பாலும் அதுதான். மருந்துக் கடையில் விற்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட் ஒரு லீற்றருக்குக் கால் கோப்பை அப்பச்சோடா, ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் என்று கலந்து, கலந்த கையோடு பூசுங்கள். கந்தக மணத்தை ஒக்சிசனேற்றி அழிப்பது இந்தக் கலவைதான். மிஞ்சியதைப் போத்தலில் அடைத்து வைத்தால் வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கும், ஊற்றிவிடுங்கள். மரத்தின் நிறம் வெளிறக்கூடும், ஆகவே அடிப்பக்கத்தில் முதலில் சோதியுங்கள். இரும்பில் பட்டால் உடனே கழுவித் துடைத்து எண்ணெய் பூசுங்கள், இல்லாவிட்டால் கறள் பிடிக்கும். நன்றாகக் காய்ந்தபின் பலகையின் அடிப்பக்கத்துக்கு வார்னிஷ் அடித்துவிடுங்கள்.

சாம்பிராணி போட்டால் போகாதா? மேலே பெயின்ட் அடித்தால்? (பாலையூற்று)

சாம்பிராணி மணக்கும் வரை மணக்கும், அவ்வளவுதான். கறளுக்கும் அழுக்குக்கும் மேல் பெயின்ட் அடித்தால் மழைக்குக் கொப்பளித்துப் பெயரும். கறளே நுண்துளை நிறைந்தது, மூத்திரம் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். முதலில் கம்பிப் பிரஷால் கறளை எடுங்கள்.

பழைய வள்ள எஞ்சின் வாங்கினேன். கொட்டிலில் இருந்தபோது பூனை குட்டி போட்டிருக்கிறது. சலவைச் சோடாவில் ஊறவைக்கலாமா? (கிண்ணியா)

கூடாது. எஞ்சினின் உடல் அலுமினியம். சலவைச் சோடாவும் கோஸ்டிக் சோடாவும் அதை அரித்துவிடும். சாதாரண பாத்திரம் கழுவும் திரவமும் நல்ல தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். வயர் இணைப்புகளில் தண்ணீரைப் பீச்சாமல் துணியால் துடையுங்கள். அதற்கு முன் மேல்மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள்: சத்தத்தைக் குறைக்க ஒட்டிய பஞ்சு இருந்தால், குட்டி போட்ட மணம் முழுவதும் அதற்குள்தான் இருக்கும். அதைப் பிய்த்தெடுத்துப் புதிது ஒட்டுங்கள். எஞ்சினுக்கு வேறு வைத்தியம் தேவைப்படாமலும் போகலாம்.

காட்டுப் பன்றிக்காக அனுமதிப் பத்திரத்தோடு அப்பா வைத்திருக்கும் துவக்கு, பூனை புழங்கிய அறையில் கிடந்தது. உலோகப் பகுதிகள் நாறுகின்றன. வினாகிரி போடலாமா? தோட்டாக்களும் அங்கேதான் இருந்தன. (தம்பலகாமம்)

துவக்கைத் தொட வேண்டியவர் அனுமதிப் பத்திரம் உள்ள அப்பா. தோட்டா இல்லை என்று அவர் இரண்டு முறை பார்த்து உறுதிசெய்தபின்தான் மற்றதெல்லாம். வினாகிரி வேண்டாம்: குழாயின் நீலக்கறுப்புப் பூச்சு அமிலத்தில் கரைந்துவிடும், பிறகு கடற்காற்றில் ஒரே வாரத்தில் கறள் ஏறும். வெளி உலோகத்தைச் சவர்க்கார நீரில் பிழிந்த துணியால் துடைத்து, காயவைத்து, துவக்கு எண்ணெய் மெல்லிதாகப் பூசினால் போதும். பிடியின் மரமும் பின்புற றப்பரும்தான் மணத்தை வைத்திருக்கும். உள்பாகங்களை அனுமதி பெற்ற திருத்துநரிடம் விடுங்கள்.

தோட்டாக்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள், யாரும் தொடாமலே கீறல் விட்டுப் பிளந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, இறுக்கத்தில் இருக்கும் பித்தளையைப் பிளக்கச் செய்கிறது என்பது 1921 இல் விளக்கப்பட்டது. பூனை அறையிலும் அதே அமோனியாதான். பச்சை பூத்ததோ கீறல் கண்டதோ ஒன்றைக்கூடச் சுட வேண்டாம். துடைத்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம். எடுத்துச் செல்லும் முன் பொலிசாரிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் விதத்தில் ஒப்படையுங்கள்.

கிளிக்காகப் பழைய கூடு வாங்கினேன். முன்பு அதில் பூனை அடைத்திருந்தார்கள். பிளீச் ஊற்றிக் கழுவட்டுமா? (சாம்பல்தீவு)

வேண்டாம். மூத்திர அமோனியாவும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சுவாயு வரும், மூடிய குளியலறையில் அது ஆபத்தானது. நாகம் (துத்தநாகம் என்ற உலோகம்) பூசிய கம்பி என்றால் வினாகிரியும் வேண்டாம், நாகத்தைக் கரைத்துவிடும். வெந்நீரும் சவர்க்காரமும் கொண்டு, கம்பிகள் ஒன்றோடொன்று சேரும் மூலைகளை பிரஷால் தேயுங்கள். பூச்சு வெள்ளையாகப் பொருக்கு விட்டிருந்தால் அந்தக் கூடு கிளிக்கு ஆகாது. கிளி கம்பியைக் கொறிக்கும், நாகம் அதன் உடலுக்கு விஷம்.

பித்தளைக் குத்துவிளக்கு. பழப்புளி போட்டு மினுக்கியும் மணக்கிறது. (மூதூர்)

துண்டு துண்டாகக் கழற்றினீர்களா? தண்டுகள் சேரும் புரிகளுக்குள் பழைய விளக்கெண்ணெய் இறுகி, அதோடு மூத்திரமும் ஊறியிருக்கும். வெந்நீரில் ஊறவைத்துத் திருகுங்கள். புரியைப் பல் பிரஷால் கழுவி, வெயிலில் காயவைத்துப் பூட்டுங்கள்.

வாங்கும்போதே கண்டுபிடிக்க வழி உண்டா? (நிலாவெளி)

உண்டு. வெந்நீரில் பிழிந்த வெள்ளைத் துணியை அடிப்பக்கத்திலும் திருகாணி ஓட்டைகளிலும் அழுத்திவிட்டுத் துணியை முகருங்கள். நண்பகல் வெயிலில் நேரே முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. காசுத்தாள் சோதிக்கும் புற ஊதாக்கதிர் விளக்கு இருந்தால் இருட்டில் அடித்துப் பாருங்கள், மூத்திரக் கறை மஞ்சள் பச்சையாக ஒளிரும். இயந்திர எண்ணெயும் நீலமாக ஒளிரும், ஆகவே துணிச் சோதனையையும் சேர்த்தே செய்யுங்கள். தையல் மெஷின் என்றால் பலகை ஊதி விளிம்பு பிளந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிளந்திருந்தால் தலையை மட்டும் விலை பேசுங்கள். புதுப் பலகையை ஒரு ஓடாவியிடம் செய்வித்துக்கொள்ளலாம்.