இன்ஜினியரிங் முதலாண்டு: எந்தக் கால்குலேட்டர் வாங்கலாம்?

கேள்வி: மகள் இன்ஜினியரிங் சேர்கிறாள். கடையில் கேசியோ எஃப்எக்ஸ்-82எம்எஸ், 991எம்எஸ், 991இஎஸ் பிளஸ் என மூன்றைக் காட்டினார்கள். விலை குறைந்ததே போதாதா?

பதில்: போதாது. 82எம்எஸ்ஸில் சைன், காஸ், மடக்கை (லாக்), புள்ளியியல் எல்லாம் உண்டு. அணி (மேட்ரிக்ஸ்), கலப்பெண் (காம்ப்ளெக்ஸ் நம்பர்), தொகையீடு (இன்டக்ரேஷன்), சமன்பாட்டுத் தீர்வு எதுவும் கிடையாது. இன்ஜினியரிங் கணிதத்தில் இவை எல்லாம் வரும். ஆகவே போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

பெட்டியில் 991எம்எஸ்ஸுக்கு 401 செயல்பாடுகள் என்றும் 991இஎஸ் பிளஸ்ஸுக்கு 417 என்றும் போட்டிருக்கும். அந்த 16-க்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. திரைக்காகக் கொடுக்கலாம். இஎஸ் பிளஸ்ஸில் பின்னமும் வர்க்கமூலமும் புத்தகத்தில் இருப்பது போலவே தெரியும். அடைப்புக்குறி இடம் மாறியிருந்தால் விடை வருமுன்பே கண்ணில் படும். கலப்பெண் கணக்கில் எம்எஸ் மெய்ப்பகுதியை மட்டும் காட்டும், கற்பனைப் பகுதியைப் பார்க்கத் தனியாகப் பொத்தான் அழுத்த வேண்டும். இஎஸ் பிளஸ் இரண்டையும் சேர்த்தே காட்டும். ஏசி சர்க்யூட் கணக்குகளில் இது பெரிய நிம்மதி.

3×3 அணியின் ஐகன் மதிப்புகளைக் (அணிக்குரிய சிறப்பு எண்கள்) கண்டுபிடிக்க முப்படிச் சமன்பாடு வரும். இஎஸ் பிளஸ்ஸில் மோடு, 5, பிறகு 4; நான்கு கெழுக்களைக் (சமன்பாட்டில் எக்ஸுடன் வரும் எண்களும் தனி எண்ணும்) கொடுத்தால் மூன்று மூலங்களும், அதாவது விடைகளும், கிடைக்கும். படிகளை எழுதாமல் மூலங்களை மட்டும் எழுதினால் மதிப்பெண் போய்விடும் என்பதை மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். 991இஎக்ஸ் என்ற இன்னொரு மாடல் 4×4 அணி வரை போடும், ஆனால் முதலாண்டுக்கு அது அவசியமில்லை. எதை வாங்கினாலும், தேர்வு அறைக்கு எந்த மாடலை அனுமதிக்கிறார்கள் என்று கல்லூரியில் முதலில் கேளுங்கள். புரோகிராம் எழுதக்கூடிய மாடல்களை விடமாட்டார்கள்.

கேள்வி: அதே மாடல் ஒரு கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. டூப்ளிகேட்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சூரியத் தகட்டை விரலால் மூடிப் பார்ப்பதில் பயனில்லை. அசலிலும் உள்ளே எல்ஆர்44 பேட்டரி இருப்பதால் திரை மங்காது. பெட்டியைப் பாருங்கள். இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, மாதம்-ஆண்டு, எம்ஆர்பி, நுகர்வோர் தொடர்பு எண் ஆகியவை அச்சிட்டிருக்க வேண்டும். இது சட்டப்படியான கட்டாயம். அடுத்து ஷிப்ட், 9, 3, =, ஏசி அழுத்தி எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்து, √8 போடுங்கள். இஎஸ் பிளஸ் 2√2 என்று காட்ட வேண்டும். நேராக 2.828 வந்தால் வாங்காதீர்கள். எல்லாப் பொத்தான்களையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மாடல் எண் எழுதிய பில் இல்லாமல் கடையை விட்டுக் கிளம்பாதீர்கள், வாரண்டிக்கு அதுதான் ஆதாரம்.

கேள்வி: புதிதாக வாங்கிய இஎஸ் பிளஸ்ஸில் சைன் 30 போட்டால் 0.454 வருகிறது. மாற்றித் தர மாட்டேன் என்கிறார் கடைக்காரர்.

பதில்: பழுது இல்லை. கருவி டிகிரிக்குப் பதில் கிரேடியன் (செங்கோணத்தை 100 பங்காகப் பிரிக்கும் கோண அளவு) அளவில் இருக்கிறது. திரையின் மேலே சிறிய ஜி தெரியும். ஷிப்ட், மோடு, 3 அழுத்துங்கள். டி வந்ததும் 0.5 கிடைக்கும். ரேடியனில் இருந்திருந்தால் –0.988 வந்திருக்கும். ரேடியனுக்கு 3-க்குப் பதில் 4.

தேர்வில் அதிகம் அடிபடுவது இதற்கு நேர்மாறான தவறு. சைன், காஸ் வரும் தொகையீட்டை டிகிரியில் போட்டுவிடுகிறார்கள். சைன் எக்ஸை 0 முதல் π/2 வரை தொகையிட்டால் 1 வர வேண்டும், டிகிரியில் 0.0215 வரும். கருவி எந்த எச்சரிக்கையும் தராது.

இன்னொன்று: 1÷2π என்று பெருக்கல் குறி இல்லாமல் அடித்தால் இஎஸ் பிளஸ் 2π-யை ஒன்றாக எடுத்துக்கொண்டு 0.159 தரும். 1÷2×π என்றால் 1.571. மைனஸ் 3-இன் வர்க்கத்துக்கும் அடைப்புக்குறி போடாவிட்டால் –9 வரும்.

பொத்தான் அழுந்தாமல் போவது போன்ற உண்மையான பழுதைக் கடை ஏற்க மறுத்தால், பில்லோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

கேள்வி: மகன் பிளஸ் ஒன். இப்போதே வாங்கித் தரலாமா?

பதில்: இப்போது வேண்டாம். ஜேஇஇ மெயின், நீட் இரண்டிலும் கால்குலேட்டருக்கு அனுமதியில்லை. கையால் போட்டுப் பழகும் வேகம்தான் அங்கே தேவை. அடுத்து சிஏ படிக்கப் போவதாக இருந்தால் இந்த மாடல்களே உதவாது. அந்தத் தேர்வுக்கு 12 இலக்கத்துக்கு மேற்படாத சாதாரணக் கால்குலேட்டர்தான்.