எதிரெதிர் மயில்களும் எம்.பி.சி. சீட்டும்

ஆந்திராவின் நெசவு ஊரான ஏகாம்பரகுப்பத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகள் பத்தாம் வகுப்பு எழுதுகிறாள், வாயே திறப்பதில்லை, திருப்பதியில் ஹாஸ்டல் போட்டு இன்டரில் (நம்ம பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி) எம்.பி.சி., அதாவது கணக்கு-இயற்பியல்-வேதியியல் குரூப்பில் சேர்க்கச் சொல்கிறார் உங்கள் அண்ணன், ஃபீஸுக்கு ஏலச்சீட்டு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறுதல் பிறகு. சீட்டை எடுக்காதீர்கள். விடியற்காலையிலிருந்து ராத்திரி வரை ஸ்டடி ஹவர் வைத்து விரட்டும் படிப்பு, அதை விரும்பிக் கேட்கிற பிள்ளைக்குத்தான். உங்கள் மகள் கேட்கவில்லை, அண்ணன் கேட்கிறார். ஃபீஸில் பாதி தருவீர்களா என்று அவரைக் கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக அடங்கும்.

நீங்கள் குறையாக எழுதியதில்தான் எனக்கு விஷயம் கிடைத்தது. கிராஃப் தாளில் நேர்கோடு போடச் சொன்ன வகுப்பில், இவள் கட்டம் கட்டமாக நிரப்பி எதிரெதிரே பார்க்கும் இரண்டு மயில் வரைந்தாள் என்று கணக்கு டீச்சர் நினைவு வைத்துச் சொல்லியிருக்கிறார். நடுவே ஒரே ஒரு வரிசைதான். 'ஆளுக்கொரு வரிசை வேண்டாமா?' என்றதற்கு, 'தடிச்சுத் தெரியும் டீச்சர்' என்றாளாம்.

சரியாகச் சொன்னாள். நெசவில் கிராஃபின் ஒரு கட்டம் ஓர் இழை; கண்ணாடிபோல் திருப்பிப் போடும் டிசைனில் நடு இழை ஒன்றுதான். இரண்டு வந்தால் சேலை நெடுகிலும் ஒரு கோடு தடித்து ஓடும். இதை உட்கார வைத்துச் சொல்லித்தரும் படிப்பே இருக்கிறது: கைத்தறித் தொழில்நுட்ப டிப்ளமோ, மூன்று வருஷம், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வெங்கடகிரியில் ஆந்திர அரசு நடத்துகிறது. சேலத்தில் இருப்பது மத்திய அரசுடையது, 1960 முதல் நடக்கிறது.

'தறியை விட்டு வெளியே வரத்தானே படிக்க வைக்கிறோம்' என்பார் வீட்டுக்காரர். நியாயமான கோபம். ஆனால் இது கூலிக்கு நெய்யும் படிப்பு அல்ல, தறியில் எது ஏறவேண்டும் என்று முடிவு செய்யும் படிப்பு. கணக்கு இப்படி வரும்: 60-ஆம் நம்பர் அச்சு (பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு) என்றால் 2 அங்குலத்துக்கு 60 பல். பல்லுக்கு 2 இழை கோத்தால் அங்குலத்துக்கு 60 இழை, 48 அங்குல அகலத்துக்கு 2,880 பாவு இழை, அதாவது நெடுக்கு இழை. டிசைன்படி பாவு இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு கருவியில் 240 கொக்கி, கொக்கிக்கு ஓர் இழை என்றால் டிசைன் 4 அங்குலத்தில் முடிந்து மறுபடி தொடங்கும். கிராஃபில் 241-ஆவது கட்டத்துக்கு இடமில்லை. ஊடு, அதாவது குறுக்கு இழை, அங்குலத்துக்கு 72 போகிறதா? சதுரக் கட்டத் தாளில் போட்ட வட்டம் துணியில் படுத்த முட்டையாகிவிடும். அகலத்துக்கு 10, உயரத்துக்கு 12 என்று பிரித்த தாளில் போடவேண்டும். மயில் தோகையில் ஊடு இழை பிடிப்பில்லாமல் நீண்டு கிடந்தால் கட்டுகிறவள் மெட்டியில் மாட்டி இழுக்கும், அதனால் நடுநடுவே பிடிப்புக் கட்டம். ஒரு கட்டம் தப்பினால் ஜக்கார்டை இயக்கும் அட்டையில் ஒரு துளை தப்பும், அந்தத் தப்பு அத்தனை மயிலிலும் வரும். வாயாடிப் பிள்ளைகளுக்கு இந்தப் பொறுமை வருவது கஷ்டம்.

சாயப் பாடத்தில் வேதியியல் உண்டு. பாடம் இங்கிலீஷில், தமிழ் மீடியப் பிள்ளை முதல் சில மாதம் திணறும். முதல் சம்பளமும் சாஃப்ட்வேர் சம்பளமாக இருக்காது. நெசவாளர் சேவை மையம், கூட்டுறவுச் சங்கம், கரூர் ஏற்றுமதிக் கம்பெனி என்று வேலை தேடும் இடங்கள் உண்டு. மேலே படிக்க ஆசைப்பட்டால், ஜவுளித் தொழில்நுட்பப் பட்டப்படிப்பில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேர வழி இருக்கிறது.

ரிசல்ட் வந்த கையோடு ஆந்திர கைத்தறித் துறை அறிவிப்பைப் பாருங்கள். மார்க் லிஸ்ட், சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, இருந்தால் நெசவாளர் அடையாள அட்டை. சேலத்தில் சுலபமாகக் கிடைக்கும் என்று யாராவது தமிழ்நாட்டுப் பக்கம் பள்ளிப்பட்டு மாமா வீட்டு முகவரியைப் போடச் சொல்வார்கள். போடாதீர்கள். ஆவணம் சரிபார்க்கும்போது சிக்கினால் கிடைத்த இடமும் போய்விடலாம்.

விண்ணப்பத்துக்கு முன் ஒருநாள் அவளை வெங்கடகிரிக்குக் கூட்டிப்போங்கள். ஜாம்தானி (பூ வேலையைக் கையாலேயே போடும் நெசவு) நெய்யும் வீட்டில் ஒரு மணி நேரம் உட்காரட்டும். திரும்பும் பஸ்ஸில், அண்ணன் பக்கத்தில் இல்லாதபோது, என்ன படிக்கிறாய் என்று கேளுங்கள். இது வேண்டாம் என்றால் நானும் வற்புறுத்த மாட்டேன், பக்கத்து அரசு ஜூனியர் காலேஜில் பிடித்த குரூப்பில் சேருங்கள். எந்தப் பதில் வந்தாலும் சீட்டு மட்டும் சீட்டாகவே இருக்கட்டும்.