பயந்த நாய்க்கு வாய்க்கூடை: முதலில் தீனி, அப்புறம்தான் வார்

கேள்வி: ஐயா, வணக்கம். பண்ருட்டி வட்டம் காடாம்புலியூர் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் முந்திரித் தோப்பு இருக்கிறது. காவலுக்கு ராமு என்று ஒரு ஆண் நாய், மூன்று வயது, சிப்பிப்பாறைக் கலப்பு. தீபாவளி வெடிக்குப் பிறகு ஆளே மாறிவிட்டான். யாரைக் கண்டாலும் வாலை இடுக்கிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குள் பதுங்குகிறான், கிட்டே போனால் உறுமுகிறான். நாலு நாள் முன்பு சருகு கூட்ட வந்த அம்மா தடவிக் கொடுக்கக் குனிந்தார். கையைக் கவ்விவிட்டான். லேசாக ரத்தம் வந்தது, மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துவிட்டோம். பங்குனியில் கொட்டை பொறுக்க நிறைய ஆள் வருவார்கள். அதுவரை கட்டித்தான் வைத்திருக்கிறோம். கடையில் நைலான் வாய்மூடி காட்டினார்கள், இறுக்கமாகப் போட்டால் கடிக்காது என்கிறார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை போட்டு வைக்கலாமா? எந்த சைஸ் வாங்க வேண்டும்?

பதில்: சைஸைப் பிறகு பார்ப்போம். அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதைப் படித்த கையோடு கிளம்புங்கள். நாலு நாள் ஆகிவிட்டதே என்று விடாதீர்கள். நாய்க்கடிக்குத் தடுப்பூசி அரசு மருத்துவமனையில் இலவசம். முதல் ஊசி போடும் நாளைத் தொடக்கமாக வைத்து 3, 7, 28ஆம் நாட்களில் மீண்டும் போடுவார்கள், ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது. டாக்டரிடம் ‘ரத்தம் வந்தது’ என்று தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள். ரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (வெறிநோய்க் கிருமியை உடனே எதிர்க்கும் ஊசி மருந்து) போட வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வெறிநோய்க்கு மருந்தில்லை. இனி யாரையாவது கடித்தால் உடனே குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள்.

ராமுவுக்கு வருடா வருடம் போட வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசியைப் பற்றியும் நீங்கள் எழுதவில்லை. போடவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். கடித்த நாளிலிருந்து 10 நாள் அவனைக் கண்காணியுங்கள். எச்சில் ஒழுகுவது, தாடை தொங்குவது, குரைப்பின் குரல் மாறுவது, தண்ணீர் விழுங்க முடியாமல் திணறுவது, இதில் எது தெரிந்தாலும் வாய்க்கூடை மாட்டப் போகாதீர்கள். ‘தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும்’ என்று வாய்க்குள் கையும் விடாதீர்கள். யாரையும் கிட்டே விடாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், கால்நடை உதவி எண் 1962க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். பத்து நாள் நன்றாகச் சாப்பிட்டு நன்றாக இருந்தால் அவனுக்கும் ஊசி போட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நைலான் உறை வேண்டவே வேண்டாம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியே தள்ளும். அந்த உறை வாயை மூடியே வைத்திருப்பதால் மூச்சு வாங்க வழியில்லை. நாயின் இயல்பான உடல்சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அது 106ஐத் தாண்டினால் உயிர் தங்குவதே கஷ்டம். கொட்டை பொறுக்கும் பருவம் பங்குனி, சித்திரை. தோப்பு மணலில் நாம் வெறுங்காலோடு நிற்க முடியாது, அந்த வெயிலில் வாய் கட்டிய நாய் மத்தியானத்தைத் தாண்டாது. வாந்தி எடுத்தால் அதுவே மூச்சுக்குழாய்க்குள் போகும். மருத்துவர் ஊசி போடும் ஓரிரு நிமிடத்துக்கு ஆஸ்பத்திரியில் பயன்படுகிற பொருள் அது. அதை நாள் முழுக்கப் போடலாம் என்று விற்கிறவருக்கு நாயைப் பற்றி ஒன்றும் தெரியாது, அல்லது தெரிந்தே விற்கிறார். எந்த மூஞ்சிக்கும் இழுத்து மாட்டலாம், அளவு பார்க்க வேண்டியதில்லை, சீக்கிரம் விற்றுப்போகும் என்பதுதான் கடைக்காரருக்கு அதிலுள்ள வசதி.

வாங்க வேண்டியது கூடை வகை. போரடிக்கும் மாட்டுக்கு அந்தக் காலத்தில் போட்ட வாய்க்கூடை போலத்தான் இதுவும், உள்ளே வாய் தாராளமாகத் திறக்கும். மாட்டியபடியே நாய் மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம், கம்பி இடைவெளி வழியாக நாம் தீனியும் கொடுக்கலாம். கம்பிக் கூடை வெயிலில் காயும், முனை தேய்ந்தால் மூக்குத்தண்டைக் கிழிக்கும். தோல் கூடை ஐப்பசி மழையில் நனைந்தால் விறைத்துப் பூஞ்சை பிடிக்கும். வளைந்து கொடுக்கும் ரப்பர் அல்லது கனமான பிளாஸ்டிக் கூடைதான் நம் பக்கத்துக்குச் சரி.

சைஸ் விஷயத்தில் கடைக்காரர் ‘எத்தனை கிலோ நாய்?’ என்று கேட்டால் அந்தக் கடையை விட்டு வந்துவிடலாம். எடைக்கும் மூஞ்சிக்கும் சம்பந்தமில்லை. சிப்பிப்பாறை ரத்தம் இருக்கும் நாய்க்கு மூஞ்சி நீளம், ஒடுக்கம். லாப்ரடாருக்குச் செய்த கூடையை மாட்டினால் முன்னங்காலால் ஒரே இழுப்பில் கழற்றிவிடும். ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கீழே ஒரு விரல் அகலம் தள்ளி மூஞ்சியைச் சுற்றி ஒரு அளவு, அதே இடத்திலிருந்து மூக்கு நுனி வரை இன்னொரு அளவு. முதல் அளவை வாய் மூடியிருக்கும்போது எடுத்தாலும், ஓடிவந்து நாக்கைத் தொங்கவிடும்போது வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்த்து அந்த ஆழத்துக்குக் கூடையில் இடம் இருக்க வேண்டும். மூக்கு நுனிக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் காலி இருக்கட்டும். மேல் விளிம்பு கண்ணைத் தொடக் கூடாது. காதுக்குப் பின்னால் போகும் வாருக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். ஒடுங்கிய தலை என்பதால் நெற்றி வழியாக மேலேறும் இன்னொரு வார் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், அது இல்லாவிட்டால் நிற்காது.

வாங்கி வந்த அன்றே மாட்டிவிடாதீர்கள். இதை நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை. பயந்த நாயைக் காலுக்கிடையில் அமுக்கிக் கூடையை மாட்டினால் அன்றோடு முடிந்தது, அடுத்த முறை கூடையைப் பார்த்தாலே கடிக்கும். நாய் தானாக மூக்கை உள்ளே விட வேண்டும், நாம் மாட்டக் கூடாது. இதற்கு ஒரே வழி தீனி.

கூடையை அவன் சாப்பிடும் சட்டிக்குப் பக்கத்தில் சும்மா போட்டு வையுங்கள். ஒரு நாளோ நாலு நாளோ, மோந்து பார்த்துவிட்டு அலட்சியமாகத் திரும்பும் வரை இருக்கட்டும். பிறகு கோழி ஈரலை வேகவைத்து மசித்துக் கூடையின் உள்பக்க நுனியில் தடவுங்கள். அவித்த முட்டை மஞ்சளும் சரிதான். கருவாடு வேண்டாம், உப்பு. கூடையைக் கிண்ணம் போலக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருங்கள், அவன் பக்கம் நீட்டாதீர்கள். அவனே வந்து நக்குவான். மூக்கை வெளியே எடுத்தால் எடுக்கட்டும், கூடையோடு பின்னாலேயே துரத்தக் கூடாது. மூக்கை உள்ளே வைத்தபடி நிதானமாக நக்கும் நாள் வந்த பிறகு வாரைக் காதுக்குப் பின்னால் சும்மா கொண்டுபோய்த் தொட்டுவிட்டு எடுங்கள். வாரின் கொக்கி ‘டிக்’கென்று பூட்டும் சத்தம் வெடிக்குப் பயந்த நாய்க்குப் பெரிய விஷயம். அந்தச் சத்தத்தைத் தனியாகப் பழக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கையில் பூட்டித் திறந்து, ஒவ்வொரு ‘டிக்’குக்கும் ஒரு துண்டு ஈரல் போடுங்கள். காது விறைப்பது நின்று, சத்தம் கேட்டதும் உங்கள் கையைப் பார்ப்பான். அப்போதுதான் தலையில் பூட்டலாம்.

முதல் பூட்டு ஐந்து நொடி, அவ்வளவுதான். கம்பி வழியாக ஈரல் கொடுத்துக்கொண்டே இருங்கள், தீனி நின்றதும் கூடையும் கழன்றுவிட வேண்டும். பிறகு அரை நிமிடம், இரண்டு நிமிடம், தோப்புக்குள் ஒரு சுற்று. நடுவில் காலால் பிறாண்டினால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், இரண்டு படி கீழே இறங்குங்கள். சில நாய்க்கு ஒரு வாரம் போதும், ராமு மாதிரி மிரண்ட நாய்க்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். இப்போது தை மாதம்தான், முந்திரி பூத்துக்கொண்டிருக்கிறது. கொட்டை விழுவதற்குள் தாராளமாக நேரம் இருக்கிறது. இன்னொன்று, டாக்டர் வரும்போது மட்டும் கூடையை எடுக்காதீர்கள். எடுத்தால் ஊசிதான் என்று கண்டுபிடித்துவிடும். வாரத்தில் சில நாள் ஒன்றுமே நடக்காத நேரத்தில் மாட்டி, ஈரல் கொடுத்து, கழற்றிவிடுங்கள்.

குறுக்கு வழி சொல்கிறவர்கள் வருவார்கள். மயக்க மாத்திரை ஒன்றைக் கொடுத்தால் அடங்கிவிடும் என்று மருந்துக்கடையிலேயே எடுத்துக் கொடுக்கிறார்கள். உடம்பைத் தளரவைக்கும் மாத்திரை பயத்தைப் போக்காது. நாய் நகர முடியாமல் உள்ளுக்குள் பயந்துகொண்டே கிடக்கும். பயத்துக்கு வேறு மருந்துகள் உண்டு, அதை மருத்துவர் நாயைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். ஷாக் அடிக்கும் பெல்ட் என்று ஒன்று ஆன்லைனில் விற்கிறது, அதை வாங்கினால் எனக்கு மறுபடி எழுதாதீர்கள். உறுமினால் அடிப்பதும் அதே கணக்குதான். உறுமல் அவன் நமக்குத் தரும் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை உறுமாமலே கடிப்பான்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. பகலில் ஆள் நடமாடும் இடத்தில் ராமுவுக்கு என்ன வேலை? காவல் நாய்க்கு வேலை ராத்திரி. கொட்டை பொறுக்கும் நேரத்தில் மோட்டார் கொட்டகைக்குள் நிழலும் தண்ணீரும் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் யாரையும் கடிக்கப் போவதில்லை. அதைவிட நல்ல வாய்ப்பூட்டு கிடையாது. கொட்டகைக்குத் தகரக் கூரை என்றால் மேலே தென்னங்கீற்று போடுங்கள். கூடை மாட்டி நாயைத் தனியாக விடுவது கூடவே கூடாது. தோப்பில் பாம்பு உண்டு, நரி உண்டு, வெளிநாய் உண்டு, எதையும் எதிர்க்க முடியாது. வேலியில் கூடை மாட்டிக்கொண்டால் அங்கேயே தொங்கும். நீங்கள் கூட இருக்கும்போது மட்டும்தான் கூடை. அப்போதும் தட்டில் தண்ணீர் வைக்காதீர்கள், கூடை முனை தரையில் இடித்து நாக்கு எட்டாது. ஆழமான பக்கெட்டில் நிறைய ஊற்றி வையுங்கள்.

கட்டிப்போட்டு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பயந்த நாயைக் குட்டைச் சங்கிலியில் கட்டினால் அதற்கு ஓட வழியில்லை. ஓட வழியில்லாத நாய்தான் கடிக்கும். பொழுதுக்கும் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதை 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டமே குற்றம் என்கிறது. ஆள் இல்லாத நேரத்தில் அவிழ்த்துவிடுங்கள், காலையும் மாலையும் கையில் பிடித்து நடத்துங்கள். வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்லி வையுங்கள்: கண்ணோடு கண் பார்க்க வேண்டாம், தலைக்கு மேல் கை நீட்ட வேண்டாம், கல்லைத் தூக்க வேண்டாம், பக்கவாட்டில் திரும்பி நடந்து போகட்டும். அந்த அம்மா அன்பாகத்தான் குனிந்தார், ஆனால் மிரண்ட நாய்க்குத் தலைமேல் இறங்கும் கை அடிக்க வரும் கைதான்.

மூன்று வயது வரை ஒழுங்காக இருந்தவன் மாறியதற்கு வெடிதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காதுக்குள் சீழ், விரலிடுக்கில் உண்ணி, இடுப்பில் அடி, பல் வலி, எது இருந்தாலும் நாய் தொட விடாது. உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் முதலில் காட்டுங்கள். எக்ஸ்ரே போன்ற பரிசோதனை தேவைப்பட்டால் புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கூட்டிப் போகலாம். கூடை பழகுவதற்குள் காட்ட வேண்டி வந்தால், இரண்டு முழம் மெத்தென்ற வேட்டித் துணியில் மூக்குத்தண்டின் மேல் ஒரு சுற்று, தாடைக்குக் கீழே ஒரு சுற்று, அப்புறம் காதுக்குப் பின்னால் உருவு முடிச்சு. ஒரு இழுப்பில் அவிழ வேண்டும், ஊசி போட்டதும் அவிழ்த்துவிட வேண்டும். மூச்சுத் திணறும் நாய்க்கும், வாந்தி எடுக்கும் நாய்க்கும், வெயிலில் வந்து இளைக்கும் நாய்க்கும் இதுவும் ஆகாது. வண்டியை விட்டு இறக்கும் முன்பே ‘கடிக்கும்’ என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் காக்க வைக்காதீர்கள், மரத்தடியில் நிறுத்தி முறை வந்ததும் நேரே உள்ளே கொண்டு போங்கள்.